சந்தேஷ் கொடுத்த பிறகு

பவானிபூர் டிராமில், வங்காளிப் பேச்சுக்கு நடுவே, எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தமிழில், "ரெண்டு வருஷமா நான் வளர்த்தது வெறும் உப்புடா" என்றாள். என் காது தானாக நீண்டுவிட்டது.

பக்கத்திலிருந்த தம்பி, "என்னக்கா இது? ரைபோசோம் படிகம் கிடைச்சதுன்னு போன வாரம் லேப் முழுக்க சந்தேஷ் ஸ்வீட் கொடுத்தியே!"

"கொடுத்தேனே. உடம்புக்குள்ள புரதம் செய்யற மெஷினையே படிகமாக்கிட்டேன்னு தலைகால் புரியலை. நேத்துதான் ஊசியால தொட்டுப் பார்த்தேன். ரைபோசோம்னா தொட்டதும் உதிரணும். இது கல்லுப்பு மாதிரி டக்குன்னு உடைஞ்சுது."

"சாருக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் சொல்லணும். அந்தப் படிகத்தை நம்பித்தான் என் வேலையை நீட்டிக்கறதா இருந்தார்."

"அப்ப சொல்லாதே."

"சொல்லலேன்னா இன்னும் ரெண்டு வருஷம் உப்பு வளர்க்கணும். இவ்வளவு படிச்ச உப்பளக்காரி உலகத்திலேயே நான் ஒருத்திதான்."

டிராம் நின்றதும் எழுந்தாள்.

"இன்ஸ்டிட்யூட் அடுத்த ஸ்டாப்க்கா!"

"தெரியும்டா. பொய்யை இனிப்பு கொடுத்துச் சொன்னேன். நிஜத்துக்கு உப்புப் பலகாரம், நிம்கியாவது வாங்கிண்டு போறேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மிட்டாய்க் கடை வரிசையில், சந்தேஷ் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.