முன்னால் பார்த்து ஒரு விதைப்பு

“இந்த வருஷமாச்சும் வயல்ல முன்னாடி பார்த்து நடக்கணும்டி.”

கீழ்வேளூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த கிழவி சொன்னாள். மடியில் விதைநெல் பை. பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் இளையவள்.

“என்னக்கா சொல்றீங்க?”

“அம்பது வருஷம் அடுத்தவங்க வயல்ல நடவு நட்டேன். நட்டதை மிதிக்காம, குனிஞ்சு பின்பக்கமாவே நடந்து நடந்து காலம் போச்சு. எங்க வீட்டுக்காரரு உயிரோட இருந்தப்ப நடத்துன குத்தகை கேஸ் இப்பதான் முடிஞ்சு, நிலம் என் பேருக்கு வந்திருக்கு. நாத்து வேணாம், நேரா விதைக்கப் போறேன். நிமிந்து நடந்து, என் கையால.”

“விதைக்கிறது ஆம்பளை வேலைன்னு சொல்லுவாங்களே?”

“சொல்லிட்டுப் போறாங்க.”

“அப்ப இத்தனை வருஷம் பின்னாடி நடந்ததெல்லாம் வீணாக்கா?”

“இல்லடி. பின்னாடி நடந்தாத்தான் நட்டதெல்லாம் கண்ணு முன்னாடி பச்சையா நிக்கும். குனிஞ்சு குனிஞ்சு அதைக் காட்டுன இந்த இடுப்பைக் கையெடுத்துக் கும்பிடணும்.”

அவள் ஊர் வந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“திரும்பி நின்னு பின்பக்கமா இறங்குங்கம்மா, வலிக்காது,” என்றார் கண்டக்டர்.

“பின்னாடி போனது போதும்ப்பா.”

பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, முன்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள்.