வசனம் ஏற்றாத பக்கம்

அன்று நான் சொல்லாததை முதலில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். "இது போட்டோ இல்லை, நான் வரைந்த ஓவியம்" என்று நான் சொல்லவில்லை.

என் பெயர் சாஜிதா, வயது 27, தகப்பனார் பெயர் ஹாஜா மைதீன். அஸ்தினாபுரத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். பெரியவர்கள் படிக்கும் சூப்பர் ஹீரோ சித்திரக்கதைத் தொடர் ஒன்றை வேறு பெயரில் வரைந்து இணையத்தில் வெளியிட்டு வருகிறேன். இது வீட்டில் தெரியாது. பக்கங்கள் முழுவதும் வண்ண ஓவியங்கள். ஆளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து போட்டோ போலவே வரைவேன். நாயகனுக்காக நின்றவர் பெரும்பாக்கம் குடியிருப்பில் வசிக்கும் பிளம்பர் சேட்டு, வயது 38. எங்கள் தெருவில் குழாய் வேலைக்கு வருபவர். அவர்கள் பிளாக் மொட்டை மாடியில் போர்வையைத் தோளில் கட்டிக்கொண்டு அலுக்காமல் நிற்பார்.

எட்டாவது பாகத்தில், வெள்ளம் புகுந்த கட்டடத்திலிருந்து மயங்கிய சிறுமியை நாயகன் தூக்கி வருகிறான். அந்தப் பக்கத்தில் அவனுக்கு முகமூடி கிடையாது. சிறுமியாக இருந்தது சேட்டுவின் மகள் ஸ்நேகா. வசனம் ஏற்றுவதற்கு முன் ஒரு பக்கத்தை வெறும் ஓவியமாக வெளியிடுவது என் வழக்கம். அப்படியே சென்ற மாதம் 9ஆம் தேதி வெளியிட்டேன். அதன் பின் யாரோ அதை "பிள்ளை பிடிக்கிறவன், உஷார்" என்று வாட்ஸப்பில் பரப்பியிருக்கிறார்கள்.

11ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணியளவில் அஸ்தினாபுரம் பேருந்து நிறுத்தம் அருகே கூட்டத்தைப் பார்த்து நின்றேன். நடுவில் சேட்டு இருந்தார். ஒருவர் செல்போனை அவர் முகத்தருகே பிடித்து, "இன்னாய்யா, இதுல கீறது நீதான?" என்றார்.

"நான்தாண்ணா. அது கதைண்ணா. அதுல நான் ஹீரோ."

சிரித்தார்கள். "ஹீரோவாம்டா மச்சான்! எங்க, பறந்து காட்டு."

"கொயந்த யாருதுடா?"

"என் பொண்ணுண்ணா."

அதன் பின் முதல் அடி விழுந்தது. சேட்டு என்னைப் பார்த்தார். "வரைஞ்சவங்களக் கேளுங்கண்ணா" என்றார். என் பக்கம் கை நீட்டவில்லை. பென்சில் கோடு முதல் கடைசி வண்ணம் வரை எல்லாம் என் செல்போனில் இருந்தன, அதைத் திறந்தும் வைத்திருந்தேன். அருகில் எங்கள் தெருக்காரர்கள் இருவர் நின்றார்கள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மருந்துக்கடை வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். மூன்றாவது முறை திரும்பியபோது போலீஸ் வண்டி வந்திருந்தது, சேட்டு தரையில் கிடந்தார்.

அன்று மதியம் மூல ஓவியத்துடன் காவல் நிலையத்துக்கு வந்து, அது கதைக்காக வரைந்தது என்று சொன்னேன். அவரை அடித்தபோது நான் அங்கே இருந்ததைச் சொல்லவில்லை. அடித்தவர்கள் யார் என்று சொல்ல, பார்த்தவர் எவரும் முன்வரவில்லை என்று கேள்விப்பட்டதால் இப்போது சொல்கிறேன். அடித்தவர்களில் இருவரை என்னால் அடையாளம் காட்ட முடியும். அவர்கள் நான் மேலே சொன்ன எங்கள் தெருக்காரர்கள்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை.

கையெழுத்திடும் முன் நான் சேர்க்கச் சொன்னது: சேட்டு மீது வழக்கு எதுவும் இல்லை. அன்று முதல் அவருக்கு இடது காது கேட்பதில்லை. அஸ்தினாபுரத்தில் யாரும் இப்போது அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை, எங்கள் வீடு உட்பட.

(ஒப்பம்) சாஜிதா