நூறில் நாற்பது

எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதற்காகவே அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். குழந்தைகள் வார்டில் டாக்டர் சொல்வதைப் பெற்றோருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். பதினாறு வருஷத்தில் என்மேல் ஒரு புகார் கிடையாது. விசாரிக்க வந்த நீங்களே ஃபைலைப் பார்த்திருப்பீர்கள்.

தையல்காரரின் மகளுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய்; குணமாகித் திரும்ப வந்திருந்தது. இன்னொரு சுற்று மருந்து கொடுத்தால் நூறில் நாற்பது பேர் பிழைப்பார்கள் என்றார் டாக்டர். அவருக்கு வேறு வார்டில் வேலை. என்னையே பேசிவிடச் சொன்னார்.

அந்த மருந்து என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுமி, வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்க முடியாமல் ஐந்து வாரம் கிடந்து செத்துப்போனாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?" என்று அவள் அம்மா என்னைக் கேட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

தையல்காரரிடம் நூறில் நாலு என்றேன்.

மேஜைவிரிப்பில் நூல் பிரிந்திருந்த ஓரத்தை அவர் ரொம்ப நேரம் நீவிக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணா இருந்தா என்ன பண்ணுவீங்க மேடம்?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

கூடப்பிறந்த அக்காகூட இவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டாள் என்றாள் அவர் மனைவி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பது என்று சொல்லியும் வேண்டாம் என்கிறார்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். குழந்தை வீட்டில் பத்தொன்பது நாள் இருந்தாள். வலி அவ்வளவாக இல்லையாம்.

போன வாரம் டாக்டருக்கு நன்றி சொல்ல வந்த இடத்தில் தையல்காரர் அந்த நாலைச் சொல்லியிருக்கிறார். டாக்டர் அவரிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உங்களுக்குப் போன் செய்துவிட்டார்.

இந்தத் தாளில் நான் எண்ணைக் குறைத்துச் சொன்னது பதினோரு குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாலு என்று திருத்திக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பிள்ளைகளுக்கு டாக்டர் எழுபது சொல்லியிருந்தார். ஆனால் அந்தப் பெற்றோர் ரொம்பவும் களைத்துப்போயிருந்தார்கள்.

தையல்காரரும் மனைவியும் வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள் என்கிறீர்கள். அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது என்கிறீர்கள். உங்கள் ஆட்களை அனுப்பாதீர்கள், எடுத்த எடுப்பில் போட்டு உடைத்துவிடுவார்கள். பத்து நிமிஷம் கொடுங்கள். நானே போய்ப் பக்குவமாகச் சொல்கிறேன்.