எண்ணெய்க் குளியல் கொல்லாது

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நாறும்பூநாதன் அண்ணாச்சி நேற்று அப்படித் தூங்கியதால்தான் ஜுரம் கண்டு செத்துப்போனார் என்று டாக்டர் முதற்கொண்டு சொல்லுகிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

அண்ணாச்சியும் நானும் ரசாயனம் படித்தவர்கள். மலைத்தேனீயின் விஷத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கத்தான் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் வீடு பிடித்தோம். ரத்தத்தின் சிவப்பணு ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. இந்தப் புரதம் அதில் ஓட்டை போடும். டெஸ்ட் டியூபில் கலங்கலாக நிற்கும் அணுக்கள் உடைந்து, கண்ணாடிபோலத் தெளிந்த சிவப்பு நீராகிவிடும். பார்க்க அழகாக இருக்கும்.

ஓடுகிற ரத்தத்திலும் அப்படித்தான் நடக்கும் என்று கட்டுரை எழுதினேன். மூத்தவர் அவர். அவர் கையெழுத்தில்லாமல் அது அச்சுக்குப் போகாது.

"ஏலே சிவசைலம், உடம்பு என்ன டெஸ்ட் டியூபாலே? ரத்தத்துல வேற புரதமெல்லாம் கெடக்கு. உன் விஷத்த அமுக்கிப் பிடிச்சிரும். கட்டுரையக் கொண்டுபோய் அருவியில விடு."

முயலில் செய்து காட்டினேன்.

"முயலும் மனுசனும் ஒண்ணாலே?"

நியாயமான கேள்வி.

நேற்றுக் காலை குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கும் பிச்சையா அண்ணாச்சிக்குத் தேய்த்துவிட்டார். "சாரே, தலையை ரொம்ப நேரம் தண்ணியில காட்டாதிய" என்று சொல்லியும் அனுப்பினார். அண்ணாச்சி தும்மிக்கொண்டே வீடு திரும்பினார். வைட்டமின் ஊசி போடட்டுமா என்றேன்.

"போட்டுத் தொலைலே" என்று கையை நீட்டினார்.

தூங்கினார். உடம்பு தூக்கிப்போட எழுந்தார். கண் சிவந்திருந்தது, எண்ணெய் தேய்த்தால் யாருக்கும் சிவக்கும். சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போயிற்று. அதைப் பார்த்ததும் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"வண்டி பிடிலே."

"கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. பொறவு போவோம்."

எடுத்தேன். ரத்தம் படிந்து தெளியும்வரை குழாயின் பக்கத்திலேயே குட்டிபோட்ட பூனையாக நடந்தேன். மேலே நிற்கும் நீர் இளமஞ்சளாக இருக்க வேண்டும். சிவப்பாக இருந்தது. அந்நேரம் வெளியே சாரல். வண்டி கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

டாக்டர் ஜுரம் என்று எழுதிவிட்டார். எண்ணெயில் ஏதோ கோளாறு என்று பிச்சையாவை ஊரே ஏசுகிறது. பாவம், ஏழை மனிதர். உண்மை தெரிய வேண்டாமா? எண்ணெய் கொல்லவில்லை ஐயா, நான்தான் கொன்றேன். ஜுரம் என்று எழுதியதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

குழாயை அண்ணாச்சி முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கண் திறந்துதான் இருந்தது. இந்தத் தடவை அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.