பத்து எண்ணில் இல்லாத சைபர்

— “பதினொன்றாம் தேதி, செவ்வாய். கம்ப்யூட்டர் சி மொழி வகுப்பு. ஆறாவது பயிற்சி: பத்து எண்களில் மிகப் பெரியதைக் கண்டுபிடி. விடை தவறாக வந்தது. பிழை என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.” அடேங்கப்பா, டைரியிலயும் மன்னிப்புக் கடிதமா குட்டி?

— அண்ணா, அதைக் கீழ வை. அடுத்தவங்க டைரியைப் படிக்கிறது என்ன பழக்கம்?

— நாளைக்கு நானும் ஒரு மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போடணும். எப்படி எழுதறதுன்னு பாத்துக்கறேன். நீதான் அதுல கைதேர்ந்த ஆளாச்சே.

— போடப் போறியா? கதவை நான் திறந்து போடவே இல்லன்னு சொன்னியே.

— மூணு வாரமா சொல்றேன், யார் காதுல ஏறுது? குளிர் கிடங்குல புதுசா மாட்டின, டிகிரி அளக்கற மெஷின் தினமும் சீட்டு அடிச்சுத் தள்ளுது. ‘இன்றைய அதிகபட்சம்: சைபர் டிகிரி.’ மைனஸ் பதினெட்டுக்கு மேல ஏறவே கூடாத ரூம். சாவி என் இடுப்புல. ‘நீ திறந்து போடலன்னா வேற யாரு, பேயா?’ன்னு கேக்கறாரு சூப்பர்வைசர். பத்து மணிக்கு விசாரணை. கையெழுத்துப் போட்டா மரியாதையா வீட்டுக்கு அனுப்புவாங்க. இல்லன்னா கழுத்தைப் பிடிச்சு.

— நீயே அதை நம்பறியா?

— தெரியல. சுவத்துல இருக்கற ஐஸ் ஒரு சொட்டு உருகல. ஆனா அது மெஷினாச்சே. எனக்கு மறதி வரும், அதுக்கு வருமா? சரி, விடு. உன் தப்பு என்னன்னு சொல்லு.

— பத்து நம்பர் வீட்டுல இருந்து கொண்டு வரச் சொன்னாங்க. நான் உன் பாக்கெட் நோட்டுல இருந்து எடுத்தேன். கேக்காம எடுத்தது ஒரு தப்பு. மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டரைப் பாத்து ரூம் டிகிரி எழுதி வைப்பியே, அதுதான். மைனஸ் பத்தொன்பது, மைனஸ் இருபது, இப்படி.

— விடை?

— சைபர்.

— என்ன சொன்ன?

— சைபர். பத்து எண்ணுல எங்கயுமே சைபர் இல்ல. மத்தவங்க மார்க்கு, வயசுன்னு கொண்டு வந்தாங்க, எல்லாருக்கும் சரியா வந்துச்சு. எனக்கு மட்டும்தான்... ஏன்ணா இப்படிப் பாக்கற?

— குட்டி, அந்த சைபர் எங்க இருந்து வந்துச்சு?

— கையை நீட்டு. இந்தத் துண்டுச் சீட்டுல சைபர்னு எழுதி உன் கையில வைக்கிறேன். இதுதான் ஆரம்பம். நான் ஒவ்வொரு நம்பரா சொல்றேன். கையில இருக்கறதை விடப் பெருசா இருந்தா மட்டும் மாத்திக்கோ. மைனஸ் பத்தொன்பது.

— சைபரை விடச் சின்னது. மாத்தல.

— மைனஸ் இருபது.

— மாத்தல.

— மைனஸ் பதினெட்டு.

— மாத்தல. குட்டி, நீ நாள் பூரா சொன்னாலும் இந்த சைபர் என் கையை விட்டுப் போகாதே.

— போகாது. ஆரம்பத்துல நான் சைபரை வெச்சேன். முதல் நம்பரையே வெச்சிருக்கணும். இன்னிக்கு வகுப்புல அந்த ஒரு வரியை மாத்தினேன். மைனஸ் பதினெட்டுன்னு சொல்லிச்சு.

— ஒரே வரி.

— ஒரே வரி. ஆனா நான் சொல்றது தப்பா இருந்தாலும் இருக்கும்ணா. அது பெரிய மெஷின். செஞ்சவங்க எவ்வளவோ படிச்சவங்க. நான் இப்பதான் ஆறாவது பயிற்சி.

— அவங்களுக்கும் ஒரு ஆறாவது பயிற்சி இருந்திருக்கும்ல. புல்லரிக்குது, என் கையைப் பாரு. மூணு வாரமா அந்த இரும்புப் பொட்டி முன்னாடி கைகட்டி நின்னேன். உள்ள உன்னை மாதிரி ஒருத்தர் சைபரை வெச்சுட்டு எழுந்து போயிருக்காரு.

— இரு, அவசரப்படாத. சரி பாக்கணும். அந்த மெஷின் குறைந்தபட்சமும் அடிக்குமா?

— அடிக்கும். அது எப்பவும் சரியா இருக்கும்.

— மைனஸ்ல இருக்கற ரூமுக்கு அது சரியாத்தான் வரும். உறைய விடாத ரூம் ஏதாவது இருக்கா?

— பக்கத்துல காய்கறி ரூம். ப்ளஸ் நாலு. அங்கயும் இதே மெஷின்தான்.

— அப்போ அங்க தலைகீழா இருக்கணும். அதிகபட்சம் சரியா வரும். குறைந்தபட்சம் தினமும் சைபர்.

— நீ அந்த ரூமைப் பாத்ததே இல்லையே.

— இல்ல. தப்பா சொல்லிட்டேனா?

— சைபர்தான். ஒரு நாள் தவறாம.

— அண்ணா, எனக்கு என்னமோ செய்யுது. நான் எழுதினதே பத்து வரி. அதை வெச்சுப் பாக்காத ரூமைச் சொல்ல முடியுதே.

— அந்த ரூமைப் பாத்துக்கிட்ட அக்கா, குளிரைக் கூட்டி வெச்சுக் காயை உறைய விட்டாங்கன்னு எழுதி வாங்கிட்டாங்க. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

— செய்யாத தப்புக்கு அவங்க ஏன் கையெழுத்துப் போட்டாங்க?

— டைரியை எடு. ‘நாளைய வேலை’ன்னு எழுது.

— எழுதறேன். பத்து மணி, ஆபீஸ், விசாரணை. எடுத்துப் போக வேண்டியவை: பயிற்சித் தாள், உன் நோட்டு, ரெண்டு ரூம் சீட்டும்...

— அதுக்கு மேல ஒரு வரி போடு. எட்டு மணி, அந்த அக்கா வீடு. ‘மெஷின் பொய் சொல்லாதுக்கா, போட்டுடுங்க’ன்னு அவங்க கையில பேனாவைக் கொடுத்தது நான்தான்.