ஈறுக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர்

அன்புள்ள டாக்டர் அப்துல் வாஹித்,

நீங்கள் தமிழில் எழுதியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தாராவி மாநகராட்சிப் பள்ளியில் படித்த தமிழை டொரண்டோவிலும் இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் ஸ்ரீலேகா தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் அவளிடம் போனில் பேசுவதோடு சரி.

இப்போது உங்களிடம் காட்ட வந்திருக்கும் அவளுடைய மேல் முன்பல் இம்ப்ளாண்டைப் பற்றி மூன்று விவரம் கேட்டிருக்கிறீர்கள். என்ன அளவு, அதன்மேல் கேப்பைத் தாங்கும் நடுக்கட்டை எந்த மாதிரி, கேப்பை ஒட்டிய சிமெண்ட் எது. வாயை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் பெண்ணுக்கு ஈறு ஏன் வருஷக்கணக்கில் சீழ் வைக்கிறது, எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்தது தெரிகிறதே தவிரக் காரணம் தெரியவில்லையே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அளவும் நடுக்கட்டையின் மாதிரியும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், மற்ற எல்லாவற்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி விஜயலக்ஷ்மி 2016 அக்டோபரில் போய்விட்டாள். ஸ்ரீலேகா டொரண்டோவிலிருந்து வந்தாள், பதிமூன்று நாள் இருந்தாள், லீவு இல்லை என்று கிளம்பினாள். அதில் அவள்மேல் தப்பு ஒன்றுமில்லை. அடுத்த ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பல்லுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. "இங்கே பல்லுன்னா சொத்தையே எழுதிக் கேக்கறான்பா. நீ இருக்கயே, அங்கயே வந்து பண்ணிக்கறேன்" என்றாள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான். பட்டுப்புடவையையும் பல்லையும் பம்பாய்க்கென்று வைத்திருப்பார்கள்.

இம்ப்ளாண்ட் வைத்தபோது இருபத்து நான்கு நாள் இருந்தாள். கடைசி நோயாளி போனபிறகு கிளினிக் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் கருவிகளைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போவோம். நான் வைத்த ரசத்தை வாயில் வைத்துவிட்டு "அம்மாது மாதிரி இல்லே, பரவாயில்லே" என்பாள். எனக்கு அந்த நாட்களில் இருந்த சந்தோஷத்தை என்னால் சொல்லி முடியாது.

எலும்பு பிடித்துக்கொள்ள ஐந்து மாதம். ஜூனில் கேப் போட வரவேண்டும். மே மாதம் போனில் சாதாரணமாகக் கேட்டாள்: "இந்தத் தடவையோட முடிஞ்சுது, இல்லயா அப்பா? இனிமே இதுக்காக வரவேண்டாமே?" "வேண்டாம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்துக் கேப்பின் படத்தை வரைந்தேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இருபது வருஷம் கல்லூரியில் இதையே சொல்லிக்கொடுத்தவன், பழக்கம் விடவில்லை. சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே போய்த் தைத்துக்கொண்டிருக்கும். இம்ப்ளாண்ட் எலும்பில் திருகிய உலோகம், அதில் அப்படித் தைக்க இடமில்லை. வளையல் கையைச் சுற்றியிருக்கிற மாதிரி ஈறு சும்மா சுற்றி நிற்கும். அதனால் கேப்பும் கட்டையும் சேரும் இடம் ஈறுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கழுத்து மெலிந்திருக்க வேண்டும், வழிந்த சிமெண்டைத் துளி விடாமல் எடுக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கத்தியிருக்கிறேன். துளி தங்கினால் ஈறு வீங்கும், பிறகு எலும்பு கரையும். நான் வரைந்த படத்தில் சேரும் இடம் மூன்று மில்லிமீட்டர் கீழே இருந்தது. கழுத்தை உப்பலாக வரைந்தேன்.

கேப் செய்தவர் தாராவியில் லேப் வைத்திருக்கும் வெயிலுமுத்து. படத்தோடு நேரே கிளினிக்குக்கு வந்துவிட்டார்.

"என்ன டாக்டர் சார், கழுத்து இப்படிப் பொடச்சிருந்தா பிரஷ்ஷு உள்ள போவாதுல்லா?"

"வரைஞ்ச மாதிரியே பண்ணுங்கோ."

"பண்ணிருவேன். யாருக்கு சார் இது?"

"என் பொண்ணுக்கு."

அவர் முகம் தெளிந்தது. "அப்பன்னா சரி. நீங்க யோசிக்காமலா போடுவிய" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சிமெண்டைப் பற்றிக் கேட்டீர்கள். எக்ஸ்ரேயில் தெரியாத வகையாகப் பார்த்து எடுத்தேன். கேப்பை அழுத்தியபோது வழிந்ததை வெளிப்பக்கம் சுத்தமாகத் துடைத்தேன். அண்ணப் பக்கம் கடுகளவு உள்ளே போயிற்று. அதை எடுக்கும் கருவி கையில்தான் இருந்தது. தட்டில் வைத்துவிட்டேன். கை நடுங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் கண்ணாடியில் பல்லைப் பார்த்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் போன் வந்தது. "அப்பா, தேய்க்கறச்சே ரத்தம் வரதுப்பா." வந்து காட்டச் சொன்னேன். பத்து நாள் லீவில் வந்தாள். பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்தேன், ஈறு அடங்கியது. கிளம்புவதற்கு முதல் நாள் கேப்பைக் கழற்றித் திரும்ப ஒட்டினேன், அதே மாதிரி. 2019லும் வந்தாள். வருஷத்துக்குப் பத்து நாள். நான் கேட்டது அவ்வளவுதான். ஒருமுறைகூட வலிக்கவிட்டதில்லை, ஊசி போட்டுத்தான் எதையும் செய்வேன்.

"நன்னாத்தான் தேய்க்கறேன்பா, ப்ராமிஸ். எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்பாள். "இன்னும் கொஞ்சம் ஒழுங்காத் தேய்க்கணும்மா" என்பேன். அவளும் நம்பினாள். பல்லிடுக்கில் விடும் சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் தேய்த்து, வாஷ்பேசினில் ரத்தத்தைத் துப்புவாள். என்னிடம் ஒருநாளும் நாக்குமேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டாள்.

கொரோனாவில் இரண்டு வருஷம் விமானம் இல்லை. அந்தக் கடுகு அவள் வாய்க்குள் இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன். வீடியோவில் உதட்டைத் தூக்கிக் காட்டுவாள், பக்கத்துப் பல்வரை சிவந்திருக்கும். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டு என்று சொல்லியிருக்கலாம். அவர் ஈறைத் திறந்தால் பார்த்துவிடுவார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். அந்த இரண்டு வருஷத்தில் பாதி எலும்பு போய்விட்டது.

அதன்பிறகு அவள் சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். வாடை வருகிறதா என்று கணவன் கௌசிக்கிடம் கேட்டுக்கொண்டே இருப்பாளாம். போன டிசம்பரில் பக்கத்துப் பல்லையும் எடுக்க வேண்டி வந்தது. நான்தான் எடுத்தேன். அன்று சாயங்காலம் என் பேரன் நிகில், நாலு வயசு, ஏதோ வேடிக்கை பார்த்துச் சிரித்தான். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டான். அவன் பல் எல்லாம் முத்து முத்தாக இருக்கிறது. எல்லாரும் இப்படித்தான் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனாலும் அவள் கிளம்பும் முன் கேப்பை அதே மாதிரி ஒட்டினேன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் சும்மா எழுதியிருப்பீர்கள். இன்சூரன்ஸுக்கு இம்ப்ளாண்ட் வைத்த தேதி வேண்டும், அவள் ஆபீஸ் பாலிசி 2018லிருந்து இருக்கிறது என்று. நான் அதை நாலைந்து தடவை படித்தேன். நேற்று போனில் அவளையே கேட்டேன்.

"அரே அப்பா, அது எப்பலேர்ந்தோ இருக்கு. இங்கயே பாத்துண்டிருக்கலாம்தான். பல்லுன்னு சொன்னாத்தான் ஆபீஸ்ல லீவு தரா, கௌசிக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டான். நீ தனியா இருக்கயேப்பா. இந்தத் தடவை வலி தாங்கலே, அதான் இங்க காட்டினேன். கோச்சுக்காதே."

கோபித்துக்கொள்ளாதே என்றாள், டாக்டர். அவள் உட்காரும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பல்லில் ஒரு கோளாறும் இல்லாமலே வந்திருப்பாள். ஒவ்வொரு வருஷமும் எனக்காகத்தான் வந்திருக்கிறாள். என் குழந்தையின் வாயை நான் ஒன்றுமில்லாததற்குக் கெடுத்துவிட்டேன்.

அண்ணப் பக்கமாகத் திறங்கள். மூன்று மில்லிமீட்டர் கீழே அந்தச் சிமெண்ட் மஞ்சளாக இருக்கும். எடுத்தால் ஒரு மாதத்தில் ஈறு அடங்கிவிடும், போன எலும்பு வராது. என்ன ஏது என்று அவள் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டிவிடுங்கள், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வாள். நான் ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். டிசம்பர் பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள், நிகிலும் வருகிறான். எப்படியும் வருவாள் என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் அதுவரை வலிக்கு மாத்திரை மட்டும் கொடுங்கள், சிமெண்டை எடுப்பதை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாம்.