ஒன்பதாம் நம்பர் டோக்கன்

வெட்டிய பிறகும் ப்ரோக்கோலி மூச்சு விடும் என்பது பலருக்குத் தெரியாது, சார். மூச்சு விட விட மஞ்சளாகும். அதனால் பூதிகோட்டைத் தோட்டங்களிலிருந்து வருவதைச் சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் எங்கள் குளிரறையில் அடுக்கி, கதவை இறுக்கி, உள்ளிருக்கும் பிராணவாயுவை இயந்திரம் வைத்து வெளியேற்றுவோம். பூ அரைத்தூக்கத்தில் கிடக்கும், பச்சை மாறாது. அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு.

என் அப்பா இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் டைம் கீப்பராக இருந்தவர். ஷாஃப்ட் குழியில் இறங்குகிறவர் டோக்கனைப் பலகையில் மாட்டுவார், மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார். அதே பழக்கத்தைக் குளிரறைக்கும் வைத்தேன். யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, எல்லாம் சுரங்கக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

தசரதன் நல்ல உழைப்பாளி, ஆனால் மறதிக்காரர். போன மாதம் மூக்குக்கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டார். பாவம் என்று பூட்டிய கதவைத் திறந்துவிட்டேன். சரக்கு முழுக்க மஞ்சளாகி மாட்டுக்குப் போனது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உள்ளிருந்தும் யாரும் திறந்துவிடக் கூடாது என்று உள்பக்கக் கைப்பிடியை அதற்குப் பிறகுதான் கழற்றச் சொன்னேன்.

செவ்வாய் மதியம் ஆட்கள் சாப்பிடப் போனதும் கதவைப் பூட்டி இயந்திரத்தைப் போட்டேன். பிறகுதான் பலகையைப் பார்த்தேன். தசரதனின் ஒன்பதாம் நம்பர் தொங்கியது. உள்ளே தட்டும் சத்தம்.

"மேடம், நான் உள்ள கீறேன். தொறங்க மேடம்."

திறந்தால் வெளிக்காற்று புகும். நானூறு பெட்டி, சார். யோசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. இனித் திறந்து என்ன பயன் என்று டோக்கனை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் மனைவி பார்வதம்மா வந்தார்.

"இன்னா மேடம், எங்க வூட்டுக்காரரு இன்னும் வரலியே?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே பலகையைப் பார்த்தார்.

"டோக்கன் இல்லியே. அப்ப வெளிய வந்துட்டாரு. மாரிகுப்பத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிருப்பாரு."

முகம் தெளிந்து போனார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி வந்தபோது திறந்தோம். கதவோரம் கிடந்தார். ஆமாம், தெரிந்தேதான் திறக்காமல் இருந்தேன், எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாய்ந்ததில் ஒரு பெட்டி நசுங்கியிருந்தது. மற்றதெல்லாம் முதல் தரம். நீங்களே போய்ப் பாருங்கள், சார். எங்காவது ஒரு பூ மஞ்சளாகியிருந்தால், என் மேல் தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன்.